நான்காம் எண் குரல்

மார்ச் 4

ஒலியியல் நிபுணர் அம்மா அவர்களுக்கு,

அனுப்புநர் இடத்தில் என் பெயரைப் பார்த்தால் பிரிக்காமலே குப்பையில் போடுவாய் என்றுதான் நான் வேலை செய்யும் மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் முத்திரையைக் குத்தி அனுப்புகிறேன். இவ்வளவு தூரம் வாசித்துவிட்டாய். இனி மிச்சத்தையும் வாசித்துவிடு.

நீதிமன்றத்தில் நீ நாற்பது நிமிடம் பேசினாய். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். மூச்சுக்காற்று, குரல்மடல், அண்ணம், ஆடொலி என்று நீ அடுக்கியதில் ஒரு சொல்லும் என் மண்டையில் ஏறவில்லை. நீதிபதி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவருக்காவது ஏறியதா, தெரியாது. கடைசியில் பத்து வருஷம் என்றார். அது எல்லோருக்கும் புரிந்தது.

என் பையன், நம் பெரியவன், அந்தப் பெயின்ட் கிடங்கில் டப்பா அடுக்கிக்கொண்டிருந்தான். மேலாளர் வேலையை விட்டு நிறுத்தினார். பத்து நாள் கழித்து யாரோ அவருக்கு போன் போட்டு, கிடங்கு எரியும் என்று மிரட்டினான். மூன்றாம் நாள் எரிந்தது. உள்ளே படுத்திருந்த காவலாளி கருகிப் போனார். அவருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது, அதை நான் மறக்கவில்லை. ஆனால் என் பையன் அன்று வீட்டில் என் பக்கத்தில்தான் இருந்தான். பெற்றவள் சொன்னால் யார் கேட்பார்கள்? பார்த்த சாட்சி ஒருவரும் இல்லை. இருந்தது அந்த நாற்பத்தோரு விநாடிப் பேச்சு. அது அவன் பேச்சு என்று சொன்னது நீ ஒருத்தி.

கூண்டில் நிற்பவன் உன் கூடப் பிறந்த அண்ணனுடைய மகன் என்று நீ வாயைத் திறந்து சொல்லவில்லை. வெளியே வராந்தாவில் என்னைத் தாண்டிப் போனாய். கைப்பையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு போனாய். உன் அண்ணன் உயிரோடு இருந்திருந்தால் அங்கேயே உன்னைக் கேட்டிருப்பார். நான் உன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேல்முறையீட்டுக்கு அறுபது நாள் கெடு. உன் அறிக்கையில் குறை கண்டுபிடித்தால்தான் வழி உண்டு என்கிறார் வக்கீல். வேறொரு நிபுணரிடம் காட்டினார். அவரும் பார்த்துவிட்டு, அந்த அம்மா எழுதினால் எழுதினதுதான் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அதனால் உன்னிடமே கேட்கிறேன். என் பையனை எந்த இடத்தில் பிடித்தாய்? எட்டாவது படித்தவளுக்குப் புரிகிற மாதிரி எழுது.

உன் அண்ணி


மார்ச் 11

அண்ணி,

உங்களுக்குப் பதில் எழுதக் கூடாது என்பதுதான் எங்கள் அலுவலக விதி. எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. எங்களிடம் வரும் மாதிரிகளில் பெயர் இருக்காது. அந்த வழக்கில் ஐந்து பேரின் பேச்சு வந்தது, ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போட்டு. நான்காம் எண் ஒத்துப்போகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெரியவனைப் பிடித்திருக்கிறார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நான்காம் எண் அவன் என்று கூண்டில் பார்த்தபோதுதான் தெரிந்தது. அப்போது சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. சொன்னால் அறிக்கையைத் தள்ளிவிடுவார்கள், அப்படித் தள்ளவைத்து அத்தை மருமகனைக் காப்பாற்றினாள் என்பார்கள். பதினாறு வருடமாக யாருக்கும் சாயாமல் எழுதியிருக்கிறேன் என்ற திமிர் எனக்கு. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறிக்கை சரியானது.

இனி நீங்கள் கேட்டது.

நாம் பேசுவது எல்லாம் நுரையீரலிலிருந்து வெளியே வரும் காற்றுதான். தொண்டையில் குரல்மடல் என்று இரண்டு மெல்லிய மடிப்புகள் இருக்கின்றன. அவை அதிர்ந்தால் குரல் பிறக்கும். அதற்கு மேலே வாய்க்குள் காற்றை எங்கே மறிக்கிறோம், எப்படி மறிக்கிறோம் என்பதை வைத்துத்தான் ஒவ்வொரு ஒலிக்கும் நாங்கள் பெயர் கொடுக்கிறோம். உங்கள் சலவைக்கூடத்து நீராவிக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயை இறுக்கி மூடிச் சட்டென்று திறந்தால் ஒரு வெடிப்பு வரும். ப, த, க எல்லாம் அப்படி. லேசாகத் திறந்து கசியவிட்டால் சீறும், ஸ அப்படி. வாயை மூடி மூக்கு வழியே விட்டால் ம. ர என்பது வேறு கதை. நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் இருக்கும் மேட்டை ஒரு தரம் தட்டிவிட்டு விலகும். அழுத்திச் சொன்னால் இரண்டு மூன்று தரம் படபடக்கும். அதைத்தான் ஆடொலி என்றேன்.

அந்த போனில் பேசியவன் வாயில் துணியை வைத்துக்கொண்டு கிசுகிசுத்தான். கிசுகிசுப்பில் குரல்மடல் அதிராது. அதனால் குரல் யாருடையது என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. ஐந்து பேரையும் அதே வாசகத்தைக் கிசுகிசுக்கவைத்துத்தான் மாதிரி எடுத்தார்கள். "மூணு நாள்ல எரியும். யாரும் குறுக்க வராதீங்க." குரல் போனால் மிஞ்சுவது நாக்கின் பழக்கம்தான்.

போனில் பேசியவன் ர சொல்லும்போது நாக்கு தட்டிவிட்டு விலகவில்லை. மேட்டில் ஒட்டி, காற்றை முழுக்க அடைத்து, அறுபது மில்லிநொடி நின்று, பிறகுதான் படபடத்தது. ஒரு ட முதலில் வந்து ர-வுக்குக் கதவு திறப்பது மாதிரி. பழகாத காதுக்குத் தெரியாது, திரையில்தான் தெரியும். அந்த நாற்பத்தோரு விநாடிப் பேச்சில் ஏழு இடத்தில் ர வருகிறது, ஏழிலும் அப்படி. இதுவரை நான் ஆராய்ந்த எவரிடமும் இந்தப் பழக்கத்தைக் கண்டதில்லை. நான்காம் எண்ணில் அச்சு அசலாக இருந்தது.

இதில் குறை எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.


மார்ச் 19

உனக்கு,

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் இஸ்திரி மேசைக்குப் பின்னால் நின்று வாசித்தேன். நாலு தரம் வாசித்தேன். பிறகு நானே நாக்கை மேலே வைத்து ர ர என்று சொல்லிப் பார்த்தேன். பக்கத்து மெஷினில் இருப்பவள், "என்னக்கா, வண்டி ஓட்டுறீங்களா?" என்றாள். சிரித்து மழுப்பிவிட்டேன். அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது.

உன் வீட்டுக்காரர் உன்னை விட்டுப் போன பிறகு, நீ மேல்படிப்புப் படிக்க எங்கள் வீட்டில் இரண்டு வருஷம் இருந்தாய். பெரியவனுக்கு ஆறு வயது, உன் பையன் சின்னவனுக்கு ஐந்து. இரண்டுக்கும் ர வராது. வரலை என்பதை வலலை என்பார்கள். உன் அண்ணன் கேலி செய்வார். நீ புதிதாக எதையோ படித்துவிட்டு வந்து, பீரோக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாய். நான் சமைத்துக்கொண்டே கேட்டிருக்கிறேன்.

"நாக்க மேல ஒட்டு. ஒட்டிட்டியா? விடாத. அப்படியே புடிச்சுக்க. இப்ப ஊது."

ஒரு கோடை முழுக்க இதே பாட்டு. வந்துவிட்டது. ஊரில் எவருக்கும் இல்லாத பழக்கம் என்கிறாயே, அந்தப் பழக்கத்தைச் செய்துகொடுத்தவள் நீ. உனக்கு அது நினைவில்லையா, நினைவு வேண்டாம் என்று இருக்கிறாயா?

இத்தோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நிறுத்த முடியவில்லை. கண்ணாடி முன்னால் நீ உட்காரவைத்தது ஒரு பிள்ளையை இல்லை.

போன வருஷம் சின்னவன் குளிர்பதன வேலைக்காக இங்கே வந்து ஏழு மாதம் எங்கள் வீட்டில் தங்கினான். பெரியவனுக்கு வேலை போனபோது இவன்தான் கொதித்தான். "இவன் ஒரு வாயில்லாப் பூச்சி அத்தை, நானா இருந்தா விட்டிருக்க மாட்டேன்" என்று சாப்பிடும்போதே சொன்னான். நான் அதட்டினேன். கிடங்கு எரிந்த வாரம்தான் வேலை முடிந்தது என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு உன்னிடம் வந்தான்.

நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். ஆனாலும் எழுதிவிட்டேன்.


மார்ச் 24

அண்ணி,

உங்கள் பிள்ளை வெளியே வர என் பிள்ளையைக் கேட்கிறீர்கள். அவ்வளவுதான் உங்கள் கடிதம்.

ஐந்து வயதில் ஒரு கோடையில் சொல்லிக்கொடுத்தது பதினேழு வருடம் நாக்கில் தங்காது. வளர வளர வாய் மாறும், பல் மாறும், கூடப் படிப்பவர்களைப் பார்த்துப் பேச்சு மாறும். சின்னவன் தினமும் என்னோடு பேசுகிறான். அவனுடைய ர எல்லோருக்கும் இருக்கிற ர. இதைக் கேட்பதுதான் என் வேலை. என் வீட்டுக்குள் ஒரு ஒலி திரிந்தால் எனக்குக் கேட்காதா?

கோபத்தில் பெரியவர்கள் முன்னால் நாலு வார்த்தை பேசினான் என்பதற்காக ஒருவன் கொலைகாரன் ஆகிவிட மாட்டான். இனி எழுத வேண்டாம்.


ஏப்ரல் 2

உனக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன், என்ன செய்துவிடுவாய்.

போன வியாழக்கிழமை பெரியவனைப் பார்க்கப் போனேன். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தான். செத்துப்போன காவலாளியின் மைத்துனன் ஒருவன் அதே கட்டடத்தில் இருக்கிறானாம். குளியலறையில் மடக்கியிருக்கிறார்கள். மேல்வரிசையில் முன்பல் இரண்டும் இல்லை. பேசினால் காற்றாகத்தான் வருகிறது. இப்போது மாதிரி எடுத்தால் உன் மெஷின் இவனை வேறு ஆள் என்று சொல்லுமோ என்னவோ.

"யாருகிட்டயும் சொல்லாதம்மா. சொன்னா இன்னும் அடிப்பாங்க" என்றான். அதைச் சொல்வதற்கே அவனுக்கு மூன்று தரம் எச்சில் விழுங்க வேண்டியிருந்தது.

சின்னவன்தான் செய்தான் என்று நான் சொல்லவில்லை. இல்லாமல் போகட்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொள்கிறேன். ஊரார் பிள்ளைகளை எல்லாம் உட்காரவைத்துக் கேட்டாயே, உன் பிள்ளையை ஒரு தரம் கேள். கெடுவுக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது.


ஏப்ரல் 16

அண்ணி,

உங்கள் கடிதம் வந்து பத்து நாள் பையிலேயே கிடந்தது. கேட்க வேண்டாம் என்று ஒன்பது நாள் இருந்தேன். அந்த ஒன்பது நாளும் அவன் பேசும்போதெல்லாம் வேறு வேலை இருப்பது போல எழுந்து போனேன். எனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

ஒருவர் நம்மிடம் கிசுகிசுத்தால் நாமும் கிசுகிசுப்போம். ஏன் என்று யோசிக்காமலே அப்படிச் செய்வோம். எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது, டாக்டர் பேசக் கூடாது என்றார் என்று ஒரு சீட்டில் எழுதி அவனிடம் காட்டினேன். மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது, பதிவுக் கருவியைக் கைத்துண்டுக்கு அடியில் வைத்தேன். "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று கிசுகிசுத்தேன். "போதும்மா. மருந்து யாரு வாங்கித் தர்றா, நான் போய் வரட்டா?" என்று அவனும் கிசுகிசுத்தான். என் மேல் அவனுக்கு இருந்த அக்கறையைப் பதிவு செய்துகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்துக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். சாப்பாடு முழுக்க அவன் பேசியதில் பதினோரு இடத்தில் ர வந்தது. பதினோரு இடத்திலும் அந்த அடைப்பு. போன் பேச்சோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெரியவனுடையது ஒத்துப்போகிறது என்று எழுதினேனே, அது பொய் இல்லை. ஆனால் பெரியவனுக்கு அடைப்பு முடிந்து நாக்கு இரண்டு தரம் படபடக்கும். போனில் மூன்று. அப்போதும் அதைப் பார்த்தேன். பதற்றத்தில் ஒன்று கூடியிருக்கும் என்று ஒதுக்கிவிட்டேன். சின்னவனுக்கு மூன்று.

ஐந்து வயதிலிருந்து அவன் பேச்சில் அதைக் கேட்கிறேன். அந்த ஒலி எனக்கு வீட்டுச் சுவர் மாதிரி ஆகிவிட்டது. யாரிடமும் கண்டதில்லை என்று சத்தியம் செய்து எழுதினேன். தினமும் கேட்டுக்கொண்டுதான் எழுதியிருக்கிறேன்.

அன்று மாலையே கேட்டேன். வாசலில் நின்று ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். நான் முழுக் குரலில் கேட்டேன், தொண்டை சரியாகிவிட்டதா என்றுகூட அவன் கேட்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"உள்ள ஆள் இருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா."

பெரியவன் உள்ளே கிடக்கிறானே, எட்டு மாதம் எப்படியடா சாப்பிட்டாய் என்றேன்.

"ஆதாரம் இல்ல, விட்டுடுவாங்கன்னு நெனச்சேன். நீதான் முடிச்சு வச்ச."

அவனுடைய ஷூவை எடுத்து ஓரமாக வைத்தேன்.

ஓடிப்போகிறாயா என்று நான் கேட்டதை உங்களிடம் மறைக்கக் கூடாது. கையில் இருந்ததை எல்லாம் எடுத்து நீட்டினேன். அவன் வாங்கவில்லை, தானாகப் போலீசுக்குப் போகவும் மாட்டேன் என்றான். பயமாக இருக்கிறது என்று அழுதான். இன்று காலை, உறவை மறைத்ததையும் அறிக்கை தவறு என்பதையும் எழுதி, மூன்று பதிவுகளோடு நீதிமன்றத்துக்கும் எங்கள் இயக்குநருக்கும் அனுப்பிவிட்டேன். உங்கள் வக்கீலுக்கு ஒரு பிரதி இத்துடன் இருக்கிறது. சின்னவன் பக்கத்து அறையில் தூங்குகிறான். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.


ஜூலை 9

உனக்கு,

பெரியவன் செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தான். வாசலில் நிற்க வைத்து இரண்டு நிமிடம் பார்த்தேன். எடை பாதியாகிவிட்டது. சலவைக்கூடத்துப் பெண்கள் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பேச்சுக் கொடுத்தால் வாயைக் கையால் மறைத்துக்கொள்கிறான்.

நேற்று நானாகச் சின்னவன் பேச்சை எடுத்தேன். கோபப்படுவான் என்று பார்த்தேன்.

"போன்ல அவன்தான்னு எனக்கு மொத நாளே தெரியும்மா" என்றான்.

கிசுகிசுப்பில் தாய்க்கே தெரியாது என்று எழுதியிருந்தாய். இவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஏண்டா சொல்லவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவன் என்ன சொன்னான் என்பதை அப்படியே எழுதுகிறேன்.

"நான் எப்படிம்மா அவனக் காட்டிக்குடுக்கறது? டேப் போயிருக்கறது நம்ம அத்தைகிட்டதான்னு போலீஸ்காரங்க பேசுனதுல தெரிஞ்சுது. அத்தை கேட்டா நான் இல்லைன்னு கண்டுபுடிச்சுடுவாங்கன்னு நெனச்சேன்."

உன்னை நம்பித்தான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறான்.

நீ கடைசியில் செய்தது சின்ன விஷயம் இல்லை. நானாக இருந்தால் செய்திருப்பேனா என்று கேட்டுப் பார்த்தேன், மாட்டேன். அதற்காக உனக்குக் கை கூப்பவும் எனக்கு வரவில்லை. எனக்கு என் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் உன் மேல் ஆத்திரம் வருகிறது, சின்னவனை நினைத்தால் அழுகை வருகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு உனக்கு என்ன எழுதுவது. இதோடு விட்டுவிடுவோம்.


ஆகஸ்ட் 27

அண்ணி,

விட்டுவிடுவோம் என்றீர்கள். ஒரே ஒரு காரியத்துக்காக எழுதுகிறேன்.

வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நான் கையெழுத்திட்ட பழைய அறிக்கைகளை எல்லாம் மறுபடி எடுத்துப் பார்க்கிறார்கள். எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்களோ, தெரியாது. தூக்கம் வருவதில்லை. அதைச் சொல்ல வரவில்லை.

சின்னவனின் விசாரணையில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவை எல்லோர் முன்னாலும் போட்டார்கள். அப்படி ஒரு பதிவு இருக்கிறது என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரியும். போலீஸ் விசாரித்துக் கண்டுபிடித்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தான். நானும் அப்படியே நினைக்கவிட்டிருந்தேன். மருந்து யார் வாங்கித் தருவது என்று அவன் கேட்கிற இடம் வந்தபோது, நிமிர்ந்து என்னைப் பார்த்தான். தட்டுச் சத்தம்கூடக் கேட்டது. நான் வேறு பக்கம் பார்க்கவில்லை. அது மட்டும்தான் என்னால் முடிந்தது.

பன்னிரண்டு வருடம் போட்டிருக்கிறார்கள். வாரம் ஒரு தரம் இருபது நிமிடம் பார்க்கலாம். ஏழு வாரமாகப் போகிறேன். வருகிறான், எதிரே உட்காருகிறான், என்னைப் பார்க்கிறான். வாயைத் திறப்பதில்லை. கேட்டால் தலையை ஆட்டுவதும் இல்லை. முதல் வாரம் கோபம் என்று நினைத்தேன். மூன்றாம் வாரம் அழுதேன், காலில் விழுகிறேன் என்றேன். உதடுகளை இறுக்கிக்கொண்டான். அங்கே நிற்கிற காவலர் நல்ல மனிதர். நான் எழுந்தபோது, "பையன் ஊமையாம்மா?" என்று கேட்டார். "இல்லீங்க. என்கிட்ட மட்டும் பேச மாட்டான்" என்றேன். உள்ளே மற்றவர்களோடு பேசுகிறானாம், சிரிக்கக்கூடச் செய்கிறானாம். காவலர்தான் சொன்னார்.

நீங்கள் ஒரு தரம் போய்ப் பார்க்க வேண்டும். பெரியவனுக்குப் பல் போன பிறகு உங்களை இப்படிக் கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் அவனுக்கு வேறு யாரும் இல்லை. உங்களைப் பார்த்தால் அத்தை என்பான். ஏதாவது சொல்வான். உடம்பு எப்படி இருக்கிறது, என்ன வேண்டும், என்னைப் பற்றி ஏதாவது, திட்டாகவே இருக்கட்டும்.

அவன் எப்படிச் சொன்னான் என்று எழுத வேண்டாம் அண்ணி. என்ன சொன்னான் என்று மட்டும் எழுதுங்கள்.